எட்டாம் பாடத்தின் கடைசி வரி

நெற்றியில் தூக்கிவிட்ட கண்ணாடியை வீடு முழுக்கத் தேடும் வயதுக்கு வந்துவிட்ட என் சமவயதுக்காரர்களே, உங்களில் எத்தனை பேருக்கு ஒற்றை மணி ஞாபகம் இருக்கிறது? தொலைபேசி ஒரேயொரு தடவை அடித்து ஓய்ந்துவிடும். ஓடிப்போய் எடுக்கக் கூடாது. எடுத்தால் அங்கே அடித்தவருக்குக் காசு போய்விடும், இங்கே எடுத்தவருக்குப் பேச்சு விழும். அடித்து நின்றால் போதும், சேதி வந்துவிட்டது என்று அர்த்தம். வேலைக்குப் போய்ச் சேர்ந்தாயிற்று, விமானம் இறங்கிவிட்டது, உயிரோடு இருக்கிறேன், எல்லாம் அந்த ஒரு மணிக்குள் அடக்கம். என் மகளுக்கு இதைச் சொன்னேன். "ரெக்ஸ்ற் பண்ணியிருக்கலாமே" என்றாள்.

போன மாதம் முன்பின் தெரியாத ஒருவர் எனக்கு மின்னஞ்சல் எழுதியிருந்தார். பழைய கொம்பியூட்டர்களில் பைத்தியம் பிடித்த மனிதர். யூனியன்வில்லில் காலமான ஒரு பியானோ ரீச்சரின் வீட்டுச் சாமான்களை விற்றபோது ஒரு பெட்டி பிளொப்பித் தட்டுகள் வாங்கினாராம். அவற்றில், இன்று உலகத்தில் ஐம்பது பேர்கூட வைத்திருக்காத ஒரு மெஷினுக்கு நிரல் எழுதச் சொல்லித்தரும் பதினான்கு பாடங்கள் இருந்தனவாம். ஒவ்வொன்றின் தலைப்பிலும் என் பெயர். தன் இணையத்தளத்தில் ஏற்றலாமா என்று கேட்டிருந்தார். கடைசியில் ஒரு சந்தேகம்: "எட்டாம் பாடத்தின் முடிவில் 'தயவுசெய்து இனி மணி அடிக்க வேண்டாம்' என்று ஒரு வரி இருக்கிறது. இதுவும் நிரலில் சேர்த்தியா? தட்டிப் பார்த்தேன், பிழை காட்டுகிறது."

எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றும் போயிற்று. ஏற்றுங்கள் என்று அன்றே பதில் போட்டேன். அந்த வரியைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அவருக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? உங்களுக்கென்றால் சொல்லலாம்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஸ்காபரோவில் பதினோராம் மாடியில் இரண்டு அறை வீடு. அப்பாவுக்குப் பின்னேரங்களில் நகரத்துக் கம்பனிகளின் கந்தோர் அறைகளைத் துப்புரவாக்கும் வேலை. ஒருநாள் அவர் பழைய ஜன்னல் சீலையில் சுற்றிய ஒரு பாரத்தை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். கந்தோரில் எறியப் போனதைக் கேட்டு வாங்கினாராம். தையல் மெஷின் என்று நினைத்து அம்மா ஆசையோடு முடிச்சை அவிழ்த்தார். உள்ளே கொம்பியூட்டர். அம்மா சீலையை மட்டும் எடுத்துத் தோய்க்கப் போட்டார்.

அந்த மெஷினைச் செய்த கம்பனி அதற்குள்ளேயே மூடப்பட்டிருந்தது. பள்ளிக்கூடத்துத் தட்டு ஒன்றையும் அது வாசிக்காது, அதன் தட்டைப் பள்ளிக்கூடத்து மெஷின்கள் மதிக்காது. தொலைக்காட்சிப் பெட்டியோடு பொருத்தித்தான் பார்க்கவேண்டும். அரை மணித்தியாலம் ஓடினால் பின்பக்கத்திலிருந்து பால் அடிப்பிடித்த மணம் வரும். ஒரு விசை அழுத்தினால் உள்ளேயே தங்கிவிடும், நகத்தால் கிளப்பிவிட வேண்டும். கையேட்டின் முன்பக்கங்களை யாரோ கிழித்திருந்தார்கள். நானோ ஆங்கிலத்தையே அப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் அந்தக் கறுப்புத் திரையில் நான் சொன்னபடி ஒரு வெள்ளைப் புள்ளி இடமிருந்து வலம் போன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோசம்.

நூலகத்தின் நிலக்கீழ் அறையில் சனிக்கிழமைகளில் அந்த மெஷினை வைத்திருந்தவர்கள் கூடுவதாக ஒரு அறிவித்தல் கண்டு அப்பாவை இழுத்துக்கொண்டு போனேன். பத்துப் பன்னிரண்டு பேர். எல்லோரும் அப்பாவைவிட மூத்தவர்கள். தலைவர் நெஞ்சு வரைக்கும் தாடி வைத்த ஒரு தபால்காரர். அவர்களுக்குத் தெரியாதது இல்லை, ஆனால் சொல்லித்தரத் தெரியாது. ஒரு கேள்வி கேட்டால் மூன்று வருசத்துக்கு முந்திய சண்டையொன்றில் போய் நிற்பார்கள். நான் வீட்டுக்கு வந்து தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்து, கண்டுபிடித்ததை ஒரு கொப்பியில் எழுதினேன். ஒவ்வொரு பாடமும் நான் விட்ட பிழையில்தான் தொடங்கும். 'முதலில் நான் இப்படிச் செய்தேன், திரை முழுக்க நட்சத்திரமாகிவிட்டது' என்று இருக்கும். அதை வாசித்த தபால்காரர் தாடியைத் தடவிவிட்டு, இனிமேல் சங்கத்தின் பாடங்கள் என் பொறுப்பு என்று அறிவித்தார். சங்கத்தின் மோடத்தையும் என் கையில் தந்தார்.

மோடம் என்றால் கொம்பியூட்டரின் எழுத்தைச் சத்தமாக்கித் தொலைபேசி வழியே அனுப்பும் பெட்டி. வழமையான முறை என்னவென்றால், பாடங்களை மெஷினில் வைத்துவிட்டு அதையே தொலைபேசியை எடுக்க விடுவது. வேண்டியவர்கள் அழைத்து எடுத்துக்கொள்வார்கள். நான் இதை அம்மாவிடம் விளக்கினேன்.

"மெஷின் எங்கட ஃபோனை எடுக்கிறதோ? விசர்க்கதை கதையாத. சின்னம்மா அடிக்கேக்க உது எடுத்து அவளுக்குக் கீச்சுக் கீச்செண்டு கத்திச்செண்டால்?"

அம்மாவின் ஒரே தங்கை சின்னம்மா. அந்த ஐப்பசியில்தான் எங்களிடம் வரக் கொழும்பிலிருந்து புறப்பட்டிருந்தார். களவாய் ஆட்களை அனுப்பும் ஏஜென்சிக்காரனின் வழி, எந்த நாட்டுக்குப் பிறகு எந்த நாடு என்று யாருக்கும் தெரியாது. தொலைபேசியில் பேசக் கூடாது என்று அவன் கட்டளை. அதனால் அக்காவும் தங்கையும் ஒரு ஒழுங்கு செய்திருந்தார்கள். ஒரு இடத்துக்குச் சுகமாகப் போய்ச் சேர்ந்தால் ஒரு மணி. இரண்டு தடவை அப்படி வந்தது, இரண்டும் காலையில். கார்த்திகை நடுப்பகுதிக்குப் பிறகு வரவில்லை.

மெஷின் எடுக்கக் கூடாது என்றால் என்ன செய்வது என்று யோசித்தேன். விடை வீட்டுக்குள்ளேயே இருந்தது. பாடம் வேண்டியவர் தனக்கென்று குறித்த நாளில், குறித்த நேரத்தில், எங்கள் வீட்டுக்கு ஒரு மணி அடித்து வைத்துவிட வேண்டும். அவருடைய மெஷின் ஆயத்தம் என்று அர்த்தம். நான் உடனே இங்கிருந்து அவருக்கு அழைத்துப் பாடத்தை அனுப்புவேன். என் அழைப்புக்கு எங்கள் வீட்டில் மணி அடிக்காது. எங்கள் ஆட்களின் கெட்டித்தனத்தை நூலகத்து நிலக்கீழ் அறையில் விளக்கியபோது தபால்காரர் கைதட்டிச் சிரித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அம்மாவுக்கு அப்போது ஒரு பக்கிங் தொழிற்சாலையில் ஆறு மணிவரை வேலை. அப்பா மூன்று மணிக்கே வெளிக்கிட்டுவிடுவார். நாலிலிருந்து ஆறுவரை வீடு எனக்கும் மெஷினுக்கும் சொந்தம். ஆகவே அந்த மணிகளைப் பற்றி வீட்டில் சொல்லவேண்டிய தேவை வரவில்லை. வந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. குளிர் ஏறஏறச் சங்கத்துக்காரர்கள் ஒவ்வொருவராய்க் கழன்றார்கள். பியானோ ரீச்சர் மட்டும் கழலவில்லை. அவருக்கு அந்த மெஷின் சுரம் வாசிக்கவேண்டும். செவ்வாயும் வியாழனும் நாலேகாலுக்கு, ஒரு மாணவர் போய் மற்றவர் வருமுன், அவருடைய மணி அடிக்கும், ஒரு பாடம் இரண்டு மூன்று தவணையில் போகும். அவரை நான் சரியாக ஒருதரம்தான் நேரில் கண்டிருக்கிறேன்.

தைமாதம் அம்மாவின் வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. இரண்டு மாதம் கையை ஆட்டக் கூடாது என்று டொக்ரர் வீட்டில் இருத்திவிட்டார். சும்மா இருந்தால் மனம் என்ன செய்யும்? சின்னம்மாவையே நினைத்தது. மொன்றியலில் இருந்த மாமா, அம்மாவின் தமையன், ஒரு வழி சொன்னார். காணாமல் போனவர்களைத் தேடித்தரும் ஒரு நிவாரண அமைப்பு இருக்கிறதாம், படிவம் நிரப்பிப் படத்தோடு அனுப்பினால் தடுப்பு முகாம்களிலெல்லாம் விசாரிப்பார்களாம். ஆங்கிலப் படிவத்தை நான்தான் நிரப்பினேன். உங்களுக்கும் அந்த உத்தியோகம் இருந்திருக்கும். சின்னம்மாவின் படத்தை அம்மா கடித உறைக்குள் வைத்தார். முத்திரை வாங்கவேண்டியதுதான் பாக்கி.

இரண்டு கிழமை வெளியூர் போயிருந்த ரீச்சர் திரும்பிவந்த செவ்வாய்க்கிழமை அது. கை வீங்கிய அம்மா வீட்டில் இருப்பார், மணி அடிக்கும், அம்மாவுக்குக் கேட்கும் என்பதை நான் முன்கூட்டி யோசித்திருக்க வேண்டும். பாடம் ஏழு நல்லாய் வந்திருந்த சந்தோசப் புளுகத்தில் யோசிக்கவில்லை. நாலேகாலுக்கு மணி ஒருதரம் அடித்து ஓய்ந்தது.

அம்மா குசினியிலிருந்து வந்த வேகத்தில் கதிரை விழுந்தது. தொலைபேசியின் முன்னால் நின்று அதையே பார்த்தார். பிறகு என்னைக் கட்டிப்பிடித்தார்.

"தங்கச்சியடி! கேட்டனியே? ஒரு மணிதானே? ஒண்டுதானே அடிச்சது?"

"ஓம்" என்றேன். ஒன்றுதான் அடித்தது. அது பொய்யில்லை.

"ஆனா பின்னேரம் அடிக்கிறாள். முந்திக் காலமைதானே? வேற நாட்டுக்கு வந்திட்டாள் பிள்ளை, அதுதான் நேரம் மாறியிருக்கு!"

ஏன் சொல்லவில்லை என்று எத்தனையோ தரம் என்னையே கேட்டிருக்கிறேன். அம்மாவின் முகத்தை அப்படிக் கண்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது, அது ஒரு காரணம். சொன்னால் மெஷின் அன்றே குப்பைக்குப் போகும், அதுவும் காரணம். எது பெரிது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அம்மா சாமிப்படத்துக்கு விளக்கேற்றிவிட்டு, கடித உறையைத் திறந்து படத்தை வெளியே எடுத்துச் சாமிப்படங்களோடு வைத்தார். நான் அறைக்குள் போய், அங்கிருந்த தொலைபேசித் தொடுப்பில் பியானோ ரீச்சருக்கு ஏழாம் பாடத்தின் முதல் துண்டை அனுப்பினேன்.

வியாழன் மறுபடி அடித்தது. அடுத்த செவ்வாயும் அடித்தது. அம்மா நாலு மணிக்கே தலை வாரி இழுத்து, தேத்தண்ணியோடு தொலைபேசிக்குப் பக்கத்தில் வந்து இருக்கத் தொடங்கினார். மணி ஓய்ந்ததும் அதைப் பார்த்துப் பேசுவார். சாப்பிட்டியோ, குளிருக்கு என்னத்தைப் போடுறாய் என்றெல்லாம் கேட்பார். செவ்வாயும் வியாழனும் மாறாமல் அடிப்பதால் தங்கைக்கு எங்கேயோ நிரந்தரமாய் ஒரு வேலை கிடைத்திருக்கிறது, அந்த இரண்டு நாளும் லீவு என்று கணக்குப் போட்டார். அப்பாவுக்கு அது நல்ல கணக்காகத்தான் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை மாமா அழைத்தபோது அம்மா சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது.

"கடிதம் வேண்டாம் அண்ணை. அவள் கிழமைக்கு இரண்டுதரம் அடிக்கிறாள். எங்கையோ ஒளிச்சு இருக்கிறவளை நாங்களே காட்டிக்குடுக்கிற மாதிரிப் போயிடும்."

அதைக் கேட்டபிறகுதான் எனக்கு விளங்கியது. தேடுவதை நிற்பாட்டிவிட்டார்கள். நான் பாடம் அனுப்புவதற்காக ஒருத்தியைத் தேடாமல் விட்டுவிட்டார்கள். எட்டாம் பாடத்தின் முடிவில் அந்த வரியைச் சேர்த்து அனுப்பினேன். இனி மணி வேண்டாம், சனிக்கிழமை பத்து மணிக்கு நானே அழைக்கிறேன் என்பதை நேரில் சொல்ல வாயில்லை, அதனால் ஒரு வரியோடு விட்டேன். சனி பத்து மணி விசயம் அந்த வரிக்குள் வரவே இல்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன். ரீச்சர் என்ன நினைத்தாரோ, மறுகேள்வி கேட்காமல் நிறுத்தினார்.

மணி நின்றால் அம்மா திரும்பவும் படத்தை உறைக்குள் வைப்பார், கடிதம் போகும், நானும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. பன்னிரண்டு வயதுப் புத்தி இவ்வளவு வடிவாய்த் திட்டம் போட்டது. பாதித் திட்டம் பலித்தது. முதல் செவ்வாய் மணி வராதபோது அம்மா தொலைபேசியைத் தூக்கித் தொடுப்புச் சரியா என்று பார்த்தார். வியாழன் பால்கனிக் கதவைத் திறந்துவிட்டு பனிக்குள் நின்றார். இரண்டாம் கிழமை சாப்பாட்டை விட்டார். வீங்கிய கையால் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதவரை அப்பா பிடித்து இருத்தினார். அன்று படம் உறைக்குள் போயிற்று. முத்திரையும் ஒட்டியாயிற்று. மறுநாள் வியாழன் காலையில் பள்ளிக்கூடம் போகும் வழியில் தபாற்பெட்டிக்குள் போடும்படி என்னிடம் தந்தார்கள்.

நான் அதைப் போட்டிருக்க வேண்டும்.

போடவில்லை. பின்னேரம் போடலாம் என்று புத்தகப் பைக்குள் வைத்தேன். நாள் முழுக்க அம்மாவின் அழுகைதான் காதுக்குள் கேட்டது. பள்ளிக்கூடம் விட்டதும் வாசலில் இருந்த தொலைபேசிக் கூண்டுக்குள் போய், நாலேகாலுக்கு எங்கள் வீட்டு இலக்கத்தைச் சுழற்றினேன். ஒரு மணி. வைத்துவிட்டேன். போட்ட காசுக்குத்தி திரும்பிக் கீழே விழுந்தது.

நான் வீட்டுக்குப் போனபோது சாம்பார் மணந்தது. "கடிதம் போட்டிட்டியோ?" என்று அம்மா கதவடியிலேயே பதறினார். "இன்னும் இல்லை" என்றேன். என் கன்னத்தைத் தடவி, "கடவுள்தான் உன்ர கையைப் பிடிச்சவர்" என்றார். படம் சாமித் தட்டுக்குத் திரும்பிப் போயிற்று.

அதற்குப் பிறகு சித்திரை வரைக்கும், செவ்வாயும் வியாழனும், நூலகத்துக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டு நான் அடித்தேன். பாடங்களையும் எழுதித் தட்டில் பதிந்து சங்கத்தில் கொடுத்தேன், தபால்காரர் ரீச்சருக்கு அனுப்பிவைத்தார். பதினான்கு வரை வந்துவிட்டது. அந்த ஆறு பாடங்களிலும் என் பிழைகள் இல்லை. வெறும் செய்முறைதான் இருக்கும். மின்னஞ்சல் எழுதியவர்கூட, முதல் எட்டுப் பாடங்கள்தான் உயிருள்ளவை என்று எழுதியிருந்தார்.

சித்திரையில் ஒரு சனிக்கிழமை காலை தொலைபேசி ஓயாமல் அடித்தது. ஐந்தாவது மணியில் அப்பா எடுத்தார். பஃபலோவில் எல்லைக்கு அந்தப் பக்கம் அகதிகளைத் தங்கவைக்கும் ஒரு வீட்டிலிருந்து சின்னம்மா. கீழ்வீட்டுக்காரரின் வான் வண்டியில் போய், பத்திரங்கள் முடிந்து, அடுத்த கிழமை கூட்டிக்கொண்டு வந்தார்கள். படத்தில் இருந்த சின்னம்மாவில் பாதிதான் இருந்தார். தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தார்கள்.

அன்று மத்தியானம் வீடு நிறைய ஆட்கள். அம்மா சோற்றைப் போட்டுக்கொண்டே எல்லோருக்கும் சொன்னார்.

"செவ்வாயும் வியாழனும் தவறாமல் அடிச்சவள். அந்த மணி இல்லாட்டி நான் எப்பவோ செத்திருப்பன். என்னடி, நாலேகாலுக்குத்தானே?"

சின்னம்மாவின் கை சோற்றுக்குள் நின்றது. அம்மாவைப் பார்த்தார், பிறகு மேசையைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என் முகத்தில் கண் நின்றது. நான் குனிந்துகொண்டேன்.

"ஓம் அக்கா" என்றார். "ஏலுமான நேரமெல்லாம் அடிச்சனான்."

அடுத்தநாள் அம்மாவும் அப்பாவும் கோயிலுக்குப் போன நேரம் சின்னம்மா என் அறைக்கு வந்து கட்டிலில் இருந்தார்.

"ஆர் பிள்ளை அடிச்சது?"

எல்லாவற்றையும் சொன்னேன். மெஷின், பாடம், ரீச்சர், கூண்டு, போடாத கடிதம். சொல்லி முடித்தபின் அழுதேன். சின்னம்மா என்னைத் தேற்றவில்லை. மெஷினின் விசைகளை விரலால் தடவிக்கொண்டு, வழியில் ஒரு நாட்டில் பிடிபட்டதையும், தடுப்பு முகாமில் நாலு மாதம் ஏழு பெண்களோடு ஒரு அறையில் இருந்து கடைசியாய் விடுபட்டதையும் சொன்னார். தொலைபேசி கண்ணிலும் படவில்லையாம்.

"கடிதம் போயிருந்தால்?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

"ஏழு பேரில நாலு பேரை அப்பிடித்தான் விட்டவை. சொந்தக்காரர் தேடி எழுதினவை எண்டு பேர் வாசிச்சுக் கூப்பிடுவினம்." உள்ளே தங்கிவிட்ட விசையை நகத்தால் கிளப்பிவிட்டார். "ஒவ்வொருக்கா வாசிக்கேக்கையும் நான் எழும்பி நிண்டனான். பிறகு, அக்கா என்னை மறந்திட்டா எண்டு நினைச்சு எழும்பாமல் விட்டிட்டன்."

சின்னம்மா என் பக்கம் திரும்பினார்.

"அக்காவுக்குச் சொல்லிப்போடாத" என்றார். "தேடாமல் இருந்திட்டன் எண்டு தெரிஞ்சால் அவ தாங்கமாட்டா."

பின்னேரம் கீழ்வீட்டு அன்ரி சின்னம்மாவைப் பார்க்க வந்தார். அம்மா மணிக்கதையைத் தொடக்கத்திலிருந்து தொடங்கினார். நான் எழும்பி அறைக்குள் போகப் பார்த்தேன். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த சின்னம்மா, யாரும் கேட்காமலே குறுக்கிட்டார்.

"ஒருநாள் சரியான மழை அக்கா. ஃபோன் இருக்கிற கடைக்கு நனைஞ்சு நனைஞ்சு ஓடிப்போய்த்தான் அடிச்சனான்."

அம்மா அன்ரியின் கையைத் தட்டினார்.

"பாத்தீங்களே! எனக்கு அண்டைக்கே தெரியும். ஒரு வியாழக்கிழமை பத்து நிமிசம் பிந்தித்தான் அடிச்சது. பாவம், என்ன கஸ்ரமோ எண்டு நான் இவரிட்டையும் சொன்னனான்."

அந்த வியாழக்கிழமை கூண்டுக்குள் வேறொரு பிள்ளை நின்று கதைத்துக்கொண்டிருந்தது. சின்னம்மா எனக்கும் ஒரு கோப்பையில் ஊற்றி, சீனி போட்டுக் கலக்கி, என் கையில் தந்தார்.